மதுரையையும் கோவையையும் ஒட்டிப் படம் போட்டவருக்கு

நான் கோவையில் வேலை பார்க்கிற மதுரைக்காரன். மூன்று நாளாகப் பொறுமையாக இருந்தேன். நேற்று ராத்திரி என் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவிலும் அந்தப் படம் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எந்தப் படம் என்று சொல்லத் தேவையில்லை, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இடது பாதியில் கோவை அவிநாசி ரோட்டுப் புதுப் பாலம், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில். வலது பாதியில் மதுரையில் ஏதோ ஒரு தெருமுனை, நிரம்பி வழிகிற குப்பைத்தொட்டி, பக்கத்தில் ஒரு மாடு. இந்தப் பக்கம் 'நகரம்', அந்தப் பக்கம் 'பெரிய கிராமம்' என்று கொட்டை எழுத்து. போட்டவர் முகம் தெரியாத ஆளாக இருந்தால் கடந்து போயிருப்பேன். இவர் என் வீட்டில் சாப்பிட்டவர். என் அம்மா ஊரிலிருந்து வந்து வைத்த அயிரை மீன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

மதுரையில் குப்பை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. 2025 ஜூலையில் வந்த மத்திய அரசின் தூய்மைப் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் மதுரைக்கு 40ஆவது இடம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி இடத்தை வாங்கியது ஊரை நடத்துகிறவர்கள். ஊரில் வாழ்கிறவர்கள் இல்லை. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் போதும், மீதிப் பதிவை நீங்கள் படிக்கவே வேண்டாம்.

மதுரைக்கும் 100 வார்டு, கோவைக்கும் 100 வார்டு. மக்கள்தொகையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு ஊரில் தினமும் காலையில் குப்பை வண்டி வருகிறது, இன்னொரு ஊரில் வருவதில்லை என்றால் அது அந்தத் தெருக்காரர்களின் பிறவிக்குணமா? மதுரை மாநகராட்சியில் சொத்துவரி முறைகேடு என்று வழக்காகி, வரிசையாகக் கைது நடந்து, 2025 அக்டோபரில் மேயர் பதவி விலகும் அளவுக்குப் போனது. வரி கட்டிய ஜனம் என்ன பாவம் செய்தது? கேள்வியை அங்கே கேளுங்கள். மதுரைக்காரனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

கோவையின் குப்பை எங்கே போகிறது என்று இங்கே இருக்கிற பலருக்குத் தெரியாது. வெள்ளலூர்ப் பக்கம் ஒரு நண்பர் இருக்கிறார். அவர் வீட்டில் சாயங்காலம் ஆனால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அங்கே இருக்கிற குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தால் துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் புகைநாற்றம். அவிநாசி ரோடு பளிச்சென்று இருப்பதற்கு வெள்ளலூர் கொடுக்கிற விலை அது. ஒரு போட்டோ எடுத்து, 'இதுதான் கோயம்புத்தூர்' என்று நான் போட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? போடமாட்டேன். எனக்குச் சோறு போடுகிற ஊர் இது.

பாலம் என்றதும் இன்னொன்று. அவிநாசி ரோட்டுப் பாலம் 10.1 கிலோமீட்டர், நல்ல பாலம், நானும் தினம் அதில்தான் போகிறேன். ஜி.டி.நாயுடு பெயர் வைத்தது ரொம்பப் பொருத்தம். மதுரையிலும் நத்தம் ரோட்டில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலம் ஒன்று இருக்கிறது. அது படத்தில் இல்லை. அங்கிருந்து பாலத்தையும் இங்கிருந்து குப்பையையும் எடுத்தால் இதே படத்தைத் திருப்பிப் போடலாம். அஞ்சு நிமிஷ வேலை.

'அவ்வளவு பாசம் என்றால் மதுரைக்கே போக வேண்டியதுதானே?' அடியில் வந்து இதைத்தான் கேட்கப் போகிறீர்கள். போயிருப்பேனே! வெள்ளிக்கிழமை ராத்திரி சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை வந்து நின்று பாருங்கள். மதுரை வண்டி உள்ளே திரும்புவதற்குள் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிக்கிற பையன்களைப் பாருங்கள். மதுரை, தேனி, விருதுநகர், ராமநாதபுரம். பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று ராத்திரியெல்லாம் குலுங்கி விடிவதற்குள் மதுரை ஆரப்பாளையத்தில் இறங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதே பையோடு திரும்ப ஏறுவார்கள். அவர்களில் ஒருவன் நான். அங்கே வேலை இருந்திருந்தால் யாராவது இப்படி அலைவார்களா?

வேலை ஏன் இல்லை என்பதுதான் விஷயமே. கோவைக்காரர்கள் உழைப்பாளிகள், மதுரைக்காரர்கள் டீக்கடை வாசலில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறவர்கள் என்று ஒரு கதை ஓடுகிறது. என் அப்பா முப்பத்தோரு வருஷம் மில்லில் வேலை பார்த்தார். ஷிப்டு முடிந்து வந்தால் புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா முந்தானையால் துடைத்துவிட்ட பிறகுதான் எங்களைத் தூக்குவார். ஒருநாள் மில்லை மூடினார்கள். அதற்கப்புறமும் நாலரை மணிக்கு எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். சங்கு ஊதும் நேரம் தாண்டியதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். இரண்டு வருஷம் அப்படி இருந்தார். அவரையா சோம்பேறி என்கிறீர்கள்?

இரண்டு ஊரிலும் மில் வந்தது கிட்டத்தட்ட ஒரே காலத்தில். கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் என்கிற வெள்ளைக்காரர் ஆரம்பித்தார். மதுரையில் 1890களில் ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள். கோவையில் ஸ்டேன்ஸுக்குப் பின்னால் உள்ளூர்க் குடும்பங்கள் இறங்கின. பருத்தி போட்டவர்களே மில் வைத்தார்கள். 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. 1937இல் ஜி.டி.நாயுடு இந்த மண்ணிலேயே மோட்டார் செய்தார். மில்லில் வந்த லாபம் பவுண்டரியானது, பம்புசெட்டானது, கல்லூரியானது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் வந்ததும் அந்த வழியில்தான். இதையெல்லாம் நான் மனசாரப் பாராட்டுகிறேன். பாராட்டாமல் இந்த ஊரில் பன்னிரண்டு வருஷம் இருக்க முடியுமா?

மதுரையில் பெரிய மில் வெள்ளைக்காரர் கையில் இருந்தது, லாபம் கடல் தாண்டிப் போனது. சரி, உள்ளூரில் எழுந்தவர்களாவது தங்கினார்களா? டி.வி.எஸ். மதுரையை மையமாக வைத்து வளர்ந்த நிறுவனம். அதன் பெரிய தொழிற்சாலைகள் சென்னைப் பாடியிலும் ஓசூரிலும் எழுந்தன. குற்றம் சொல்லவில்லை, தொழில் துறைமுகத்தையும் பெரிய சந்தையையும் தேடித்தான் போகும். ஆனால் எங்கள் ஊரில் முளைத்தது வேறு ஊரில் காய்த்தது என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கை இல்லாமல் போகவில்லை.

எய்ம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 27இல் தோப்பூரில் அடிக்கல். மருத்துவமனை எழுவதற்கு முன்னாலேயே சேர்ந்த பிள்ளைகள் ராமநாதபுரத்தில் படித்தார்கள். மதுரை எய்ம்ஸ் மாணவர்கள், நூறு கிலோமீட்டருக்கு அப்பால்! ஒற்றைச் செங்கலைக் கையில் வைத்துக்கொண்டு தேர்தல் மேடையில் பேசும் அளவுக்கு அது நாடு முழுக்கத் தெரிந்த கதையானது. எங்களுக்கு அது மேடைப் பேச்சு இல்லை. என் சித்தப்பாவை ஆம்புலன்ஸில் வைத்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தெரியாமல் நின்ற ராத்திரி எனக்கு நினைவிருக்கிறது.

'உடனே சங்கம், கீழடி என்று ஆரம்பித்துவிடுவான்' என்று சிலர் காத்திருப்பீர்கள். ஆரம்பிக்க மாட்டேன். ரொம்பப் பக்கத்துக் காலத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி என்கிற ஓய்வுபெற்ற மருத்துவர் 11 படுக்கையோடு ஒரு கண் ஆஸ்பத்திரி தொடங்கினார். அதுதான் அரவிந்த். காசு கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும், முடியாதவருக்கு இலவசம் என்று நடத்திக் காட்டி, உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற இடமாக்கினார்கள். அதன் கிளை இதே அவிநாசி ரோட்டில் இருக்கிறது. படம் போட்ட நண்பரின் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது அங்கேதான், நான்தான் கூடப் போயிருந்தேன். அந்த 'பெரிய கிராமம்' கொடுத்த கண்.

அப்புறம் அரிவாள். இது வரும் என்று தெரியும். மதுரையில் கொலை நடப்பதில்லையா, சாதிச் சண்டை இல்லையா? இருக்கிறது. எந்த ஊரில் இல்லை? இதற்கு மேல் அதில் நான் பேச விரும்பவில்லை. ஆனால் அந்த அரிவாளைச் சினிமாக்காரர்கள் எங்கள் எல்லோர் முதுகிலும் செருகி அனுப்பியதால் நடந்ததைச் சொல்கிறேன்.

2013இல் கோவை கணபதியில் வீடு தேடினேன். புதுசாகக் கல்யாணம் ஆன நேரம். மாடி வீடு, காற்றோட்டம், வாசலில் செம்பருத்தி. வீட்டுக்கார அம்மா தங்கமாகப் பேசினார். காபி கொடுத்தார். சமையல் மேடையை என் மனைவி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊருங் கண்ணு நீங்க?"

"மதுரைங்கம்மா."

"அப்படிங்களா..." அவர் கை காபி டம்ளரை எடுக்க வந்தது. நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை. "எங்க ஊட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க."

சொல்லவே இல்லை. அந்த மாதம் மட்டும் மூன்று வீடு அப்படிப் போனது. நாலாவது வீட்டில் என் மனைவி முந்திக்கொண்டு "திண்டுக்கல் பக்கமுங்க" என்றாள். வீடு கிடைத்தது. ராத்திரி அவளிடம் நான் பேசவில்லை. அவள் மேல் கோபம் இல்லை. பெற்ற ஊரைச் சொல்ல முடியாத இடத்துக்கு அவளைக் கூட்டிவந்துவிட்டேனே என்றுதான்.

'பழைய கதை, இப்போது யாரும் அப்படி இல்லை' என்பீர்கள். போன மாதம் என் மகளிடம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள், "உங்க ஊர்ல எல்லார் ஊட்லயும் அருவா இருக்குமா?" என்று. இவள் சொன்ன பதில், "எனக்குத் தெரியாது, நான் கோயம்புத்தூர்." பத்து வயது.

கோவை மேல் எனக்குக் கோபம் இருக்கிறது என்று இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறுவாணித் தண்ணீர் குடித்துவிட்டு அப்படிப் பேச முடியாது. கொரோனாவில் நாங்கள் மூன்று பேரும் படுத்தபோது பதினான்கு நாளும் வாசலில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போனது எதிர்வீட்டு அக்கா, அசல் கொங்குக்காரர். ஊர் என்றால் எனக்கு அந்த அக்காதான். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஊரை நடத்துகிறவர்கள் வேறு, ஊரில் வாழ்கிறவர்கள் வேறு.

2025 நவம்பரில் என்ன நடந்தது? மெட்ரோ ரயில் கேட்ட இரண்டு ஊரின் திட்டத்தையும் மத்திய அரசில் சேர்த்தே திருப்பி அனுப்பினார்கள். 2011 கணக்கெடுப்பில் 20 லட்சம் பேர் இல்லையாம். அவிநாசி ரோட்டில் சிக்னலுக்கு நிற்கிறவரும் மதுரை கோரிப்பாளையத்தில் நிற்கிறவரும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றுதான். நாம்தான் இங்கே உட்கார்ந்து யார் நகரம், யார் கிராமம் என்று படம் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக அந்தப் படத்தைப் பற்றி. நேற்று ராத்திரி அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குப்பைத்தொட்டிக்குப் பின்னால், மாட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு அம்மா குனிந்திருக்கிறார். பச்சைச் சேலை, மேலே ஒளிரும் பட்டை போட்ட கோட்டு. கையில் உறை இல்லை. தென்னந்துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளுகிறார். நாலாயிரம் பேர் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள், சிரித்த முகம் போட்டிருக்கிறார்கள். அடியில் இருக்கிற கருத்துகள் முழுவதையும் படித்தேன். அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அழகர் ஆற்றில் இறங்கி லட்சக்கணக்கான ஜனம் கலைந்து போன மறுநாள், வைகைக் கரையை மதியத்துக்குள் கூட்டித் தள்ளுகிறவர்கள் இவர்கள்தான். சின்ன வயதில் அப்பா என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார், "இவங்களுக்கு வழி விட்டு நில்லுடா" என்று சொல்லி.

நண்பரே, நான் உங்களைக் கூப்பிட்டுப் பேசினேன், படத்தை எடுக்க முடியாது என்றீர்கள். ஜோக்கை ஜோக்காகப் பார்க்கச் சொன்னீர்கள். சரி, உங்கள் பக்கம், உங்கள் விருப்பம். பாலம் இருக்கட்டும், மாடு இருக்கட்டும், 'பெரிய கிராமம்' என்கிற எழுத்தும் இருக்கட்டும். அந்த அம்மாவின் முகம் பக்கவாட்டில் தெரிகிறது. அதை மட்டும் மறைத்துவிடுங்கள்.