கார்பன் ஜெயிச்சது எண்ணிக்கையில இல்லை

மேலே ஒரு தம்பி, ‘பூமியில கார்பன்தான் அதிகம், அதுக்கு நாலு கையும் இருக்கு, அதனாலதான் உயிருக்கு அடிப்படை’ன்னு போட்டிருக்கார். நாலு கை, அதாவது ஒரே நேரத்துல நாலு பிணைப்பு போட முடியும்ங்கிறது, சரி. ‘அதிகம்’ங்கிறதுதான் தலைகீழ். பூமியோட மேலோட்டுல எடைக்கணக்குல சிலிக்கான் 28 சதவீதம் கிட்ட, கார்பன் 0.1 சதவீதம்கூட தேறாது. சிலிக்கானுக்கும் அதே நாலு கைதான். எண்ணிக்கைதான் காரணம்னா நாமெல்லாம் மணல் பொம்மையா இருந்திருக்கணும்.

சென்னை காசிமேட்டுல மணல்ல காயப்போட்ட நெத்திலிக் கருவாட்டை சரியா அலசாம குழம்பு வெச்சா பல்லுல நறநறங்கும் பாருங்க. அந்த நறநற பெரும்பாலும் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த மணல், கருவாடு கார்பனை அடிப்படையா வெச்ச உயிர்ப்பொருள். (எங்க வீட்டுல நாலு தண்ணி விட்டு அலசினாலும் ஒரு குருணை மாட்டிடும்.)

விஷயம் பிணைப்புல இருக்கு. கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க மோலுக்கு (வேதியியல்ல துகள்களை எண்ணுற அளவு) சுமார் 346 கிலோஜூல் ஆற்றல் வேணும். சிலிக்கான்-சிலிக்கானுக்கு சுமார் 222 போதும். அதுவும் ஆக்சிஜனைப் பார்த்துட்டா சிலிக்கான் பழைய கூட்டாளியை விட்டுட்டு அங்கே போய் ஒட்டிக்கும். சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிலேன் வாயு காத்து பட்டதுமே தானா தீப்பிடிக்கும். கார்பனோ சங்கிலி, வளையம், இரட்டைப் பிணைப்புன்னு நீளமா கட்டிக்கிட்டு தண்ணிக்குள்ளயும் தாக்குப்பிடிக்கும்.

இன்னொண்ணு. நாம மூச்சுல விடுற கார்பன் டை ஆக்சைடு வாயு. தண்ணியில கரையும், செடி எடுத்துக்கும். சிலிக்கான் டை ஆக்சைடு? அதே காசிமேட்டு மணல்தான். உருக்கவே 1,700 டிகிரி செல்சியஸ் தாண்டணும். அதை எந்த மூக்கு வழியா விடுறது தம்பி?