அந்த 2/10 பற்றி

எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு வருகிறேன், தெரியும். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதி, அவள் டீச்சர் பத்துக்கு இரண்டு போட்ட அந்தக் கட்டுரை நோட்டுப் பக்கம் இந்த வாரம் முழுக்க என் டைம்லைனில் சுற்றிக்கொண்டிருக்கிறது. யார் படம் எடுத்தது, யார் குரூப்பில் போட்டது, அந்த டீச்சர் நல்லவரா கெட்டவரா என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து தெரியும்படி ஊரெல்லாம் பகிர்ந்ததே தப்பு. அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம்.

என்னைக் கிளப்பிவிட்டது படத்துக்குக் கீழே ஒரு பெரியவர் போட்ட கமெண்ட். "எழுத்தெல்லாம் பிறவியிலேயே வரணும் சார். ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தா வர்ற விஷயமா? டீச்சர் அவங்க வேலையைத்தான் பார்த்திருக்காங்க." அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்தேன். பாதிப் பேர் தமிழாசிரியர்கள். நம்ம ஆட்கள்!

பிறவியிலேயே வர வேண்டும் என்றால் எதற்கு ஐயா அதற்குப் பத்து மதிப்பெண்? சொல்லித்தர முடியாத ஒன்றுக்குப் பரீட்சை வைக்கலாமா? நாம் பிள்ளைகளிடம் கட்டுரை கேட்கிறோம். கட்டுரை எப்படி எழுதுவது என்று ஒரு நாளும் கற்றுத்தருவதில்லை. இதை இந்தப் பதிவில் இன்னும் நாலைந்து முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதை எத்தனை பேர் படித்தீர்கள் என்று எனக்குச் சந்தேகம். தலைப்பு, மழைநீர் சேகரிப்பின் அவசியம். அந்தப் பெண் முன்னுரை என்று போடாமல், உள்தலைப்பு இல்லாமல், தன் குடியிருப்பில் இருக்கும் மழைநீர்க் குழியைப் பற்றி எழுதியிருந்தாள். மூடியைத் திறந்தால் பால் கவரும் மணலும் அடைத்துக்கிடக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் கேட் வழியாகத் தெருவுக்குப் போகிறது, ஆயா மட்டும் சன்ஷேடுக்குக் கீழே அன்னக்கூடை வைத்துப் பிடித்துப் பாத்திரம் கழுவுகிறாள். அவ்வளவுதான். சிவப்பு மையில் "தலைப்புக்குப் பொருத்தமற்றது".

பொருத்தமற்றதா? தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003இல். சென்னையில் குழி வெட்டிய வீடுகள் ஏராளம், வெட்டிய குழியைத் திறந்து பார்த்த வீடுகள் சொற்பம். மொட்டை மாடிக் குழாய் இறங்கும் குழிக்குள் ஜல்லியும் மணலும் போட்டிருப்பார்கள். மணலின் மேல் வண்டல் படிந்துவிட்டால் தண்ணீர் இறங்காது, வழியத்தான் செய்யும். அதனால் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மேல் மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். இந்தத் திட்டம் எங்கே தோற்கிறது என்பதை அந்தப் பெண் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறாள். கைடில் இருக்கும் கட்டுரையில் இது வராது. அதில் திருக்குறள் ஒன்று வரும், "வான்மழை பொய்த்தால்" வரும், "வருமுன் காப்போம்" வரும், "என்றால் அது மிகையாகாது" கட்டாயம் வரும். அந்தக் கட்டுரையை அச்சுப் பிசகாமல் எழுதிய பிள்ளைக்கு 9/10. சமையல் போட்டி வைத்துவிட்டு, கேட்டரிங்காரரின் சாம்பாரை வாங்கி வந்து ஊற்றியவனுக்கு முதல் பரிசு கொடுத்த மாதிரி.

"அடிப்படை முதல்ல வரட்டும், கற்பனையெல்லாம் அப்புறம்" என்று ஒரு தோழி எழுதியிருந்தார். மரியாதையான தோழி, அதனால் நிதானமாகவே பதில் சொல்கிறேன். அடிப்படை என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற மூன்று பலகைகளையா? அவை எழுதி முடித்ததை அடுக்கிவைக்க உதவும், எழுத உதவாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் "முதல்ல முன்னுரை எழுது" என்றால், இன்னும் என்ன சொல்லப்போகிறோம் என்றே தெரியாத ஒன்றுக்கு அவன் முகவுரை எழுத வேண்டும். வேறு வழியில்லாமல் மனப்பாடத்துக்குத்தான் போவான். முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லிப் பாருங்கள். பாதி "மிகையாகாது" அதிலேயே காணாமல் போகும்.

சரி, கற்றுத்தருவது எப்படி என்று கேட்பவர்களுக்கு. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இரண்டு பாடவேளை வேண்டும், அதுவும் அடுத்தடுத்த நாட்களில்.

முதலில் தலைப்பைச் சிறிதாக்க வேண்டும். "மழை" என்று கொடுத்தால் இயற்கை அன்னை வந்து உட்கார்ந்துவிடுவாள். "மழை பெய்த அன்று எங்கள் வீட்டுப் படிக்கட்டு" என்று கொடுத்தால் அவளால் வர முடியாது, இடம் பத்தாது. ஓர் இடம், ஒரு மணி நேரம், ஓர் ஆள், இந்த அளவு போதும். பிறகு எழுத விடாமல் பேச விட வேண்டும். பக்கத்து பிள்ளையிடம் ஆளுக்கு மூன்று நிமிடம். கேட்கிறவர் கடைசியில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும், "சூப்பர்" என்று மட்டும் சொல்லக் கூடாது. வகுப்பு சந்தைக்கடை மாதிரி இரையும், தலைமையாசிரியர் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும். அதன் பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில், தாங்கள் கண்ட பொருட்களின் பெயர்களை மட்டும் பத்து எழுதச் சொல்வது. "அழகு", "மகிழ்ச்சி" எல்லாம் பொருள் இல்லை. செருப்பு, பக்கெட், அறுந்த ஒயர், இவைதான் பொருள். பத்து தேறாத பிள்ளை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அவனைத் திட்ட வேண்டாம், மறுபடி பேச அனுப்புங்கள்.

முதல் வரைவை ஒரு வரி விட்டு ஒரு வரியாக எழுத வேண்டும். இது அற்ப விஷயமாகத் தெரியும். ஆனால் இடைவெளி இல்லாத பக்கத்தில் எந்தப் பிள்ளையும் திருத்தாது. அடித்தால் அசிங்கமாகிவிடும் என்ற பயம். நாம்தானே "அடித்தல் திருத்தல் இல்லாமல்" என்று சொல்லி வளர்த்தோம்!

இனி வருவதுதான் முக்கியம். நம்மவர்கள் இதைப் பேசுவதே இல்லை. தமிழ்ப் பிள்ளை வீட்டில் பேசுவது ஒன்று, நோட்டில் எழுத வேண்டியது இன்னொன்று. "தண்ணி வந்துச்சு" என்று யோசிக்கிற பிள்ளை "நீர் வந்தது" என்று எழுத வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் கேட்டால் யோசனை நின்றுவிடும், பாடமாகப் படித்த வாக்கியம் வந்து உட்காரும். அதனால் முதல் வரைவு பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். மாற்றுவது மறுநாள் வேலை.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். வடசென்னை. தண்ணீர் லாரி பற்றி எழுதச் சொன்னால் "நமது அன்றாட வாழ்வில் தண்ணீர் லாரியின் பங்கு இன்றியமையாதது" என்று ஆரம்பித்தான். நோட்டை மூடு, லாரி வந்தா என்ன ஆவும் சொல்லு என்றதற்கு அவன் சொன்னது: "லாரி வந்தா எங்கம்மா கொடத்த மட்டும்தான் பாக்கும் மிஸ். என்ன பாக்காது." அதையே எழுதச் சொல்ல வேண்டும். பிறகு எழுத்துநடைக்கு மாற்றும்போது "அம்மா குடத்தை மட்டும்தான் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார்" என்று வரும். இலக்கணம் சரி. ஆனால் அந்த "பார்ப்பார்" அவன் அம்மா இல்லை, வேறு யாரோ. அதனால் நடப்பதைச் சொல்லும் வரிகளை எழுத்துநடைக்கு மாற்றிவிட்டு, ஆட்கள் பேசுகிற பேச்சை மேற்கோள் குறிக்குள் அப்படியே விடலாம் என்று சொல்லித்தந்தால் பிள்ளைகள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். இப்படி எழுதினால் "கொச்சை" என்று சுழிக்கிற பேனாக்களை எனக்குத் தெரியும். அந்தப் பேனாக்கள் வைத்திருப்பவர்கள் ஸ்டாஃப் ரூமில் என்ன தமிழ் பேசுகிறார்கள் என்பதும் தெரியும்.

அடுத்த நாள், எழுதியதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்ட வேண்டும். "மேலும்", "ஆகவே" என்று ஆரம்பிக்கும் வரிகளில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். பொருள் கெடவில்லை என்றால் அது தேவையில்லை. முதல் பத்தியை விரலால் மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். பல நேரம் கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது.

எழுத்துப்பிழையைப் பார்ப்பது இதற்கெல்லாம் பிறகுதான். அதிலும் ஒரு தடவைக்கு ஒரு வகை. இந்த வாரம் ல, ள, ழ. அடுத்த முறை ர, ற. வல்லினம் மிகும் இடம் இன்னும் தள்ளி. ஒரே பக்கத்தில் முப்பது சிவப்புச் சுழி போட்டால் பிள்ளை ஒன்றையும் கற்காது, அடுத்த முறை தனக்கு எழுத்து தெரிந்த சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு பாதுகாப்பாக எழுதும். "அன்னக்கூடை"க்கு எத்தனை சுழி ன என்று சந்தேகம் வந்தால் "பாத்திரம்" என்று எழுதிவிடும். அதோடு கட்டுரை செத்தது.

வாதக் கட்டுரைக்கு வேறு வழி. "மரம் வளர்ப்போம்" என்று கொடுக்காதீர்கள். மரம் வேண்டாம் என்று சொல்ல ஆளே இல்லாதபோது பிள்ளை யாரோடு வாதாடும்? "மதிய இடைவேளையில் மைதானத்தை ஆறாம் வகுப்புக்குத் தனியாக விட வேண்டுமா?" என்று கேளுங்கள். அடிதடியே நடக்கும். நீ என்ன சொல்கிறாய், ஏன், எதை வைத்துச் சொல்கிறாய், எட்டாம் வகுப்புக்காரன் என்ன மறுப்பு சொல்வான், அவனுக்கு உன் பதில் என்ன? இந்த ஐந்துக்கும் விடை எழுதினால் கட்டுரை தயார். எதிராளி சொல்வதை எழுதாத பிள்ளைக்கு மதிப்பெண் குறையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மதிப்பெண்ணும் மொத்தமாக வேண்டாம். சொன்ன விஷயத்துக்கு 4, வரிசைக்கு 2, வாக்கியத்துக்கு 2, எழுத்துப்பிழை இல்லாமைக்கு 2. இப்படிப் போட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு எந்தக் கணக்கிலும் 2 வந்திருக்காது.

"ஒரு வகுப்புல 45 பேர், நீங்க பேசாம இருங்க" என்பார்கள். இந்த ஒரு மறுப்பு மட்டும் நியாயம். நான்கு பிரிவு என்றால் 180 நோட்டு. நோட்டுக்கு மூன்று நிமிடம் என்றாலே ஒன்பது மணி நேரம். யாராலும் முடியாது. அதனால்தான் எல்லாரும் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுகிறோம். வாரத்துக்கு ஒரு பிரிவில் பன்னிரண்டு நோட்டு மட்டும் முழுசாகத் திருத்துங்கள். நாலு பிரிவுக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும், நாலு வாரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் முறை வந்துவிடும். மீதி நோட்டுகளில் "குழியைத் திறந்து பார்த்தது யார்?" என்பது போல ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் எழுதுவதே அடுத்த வீட்டுப்பாடம்.

"சிலபஸ் முடியாது" என்பவர்களுக்கு: பாடநூலிலேயே மொழியை ஆள்வோம் என்று ஒரு பகுதி இருக்கிறது, நாம்தான் தாண்டிப்போகிறோம். "மார்க் போய்விடும்" என்பவர்களுக்கு: வகுப்பு வேலைக்குப் போடும் வளரறி மதிப்பீட்டு மதிப்பெண் ஆசிரியர் கையில்தானே இருக்கிறது? அதைச் சார்ட் பேப்பருக்கும் ஜிகினாவுக்கும் கொடுத்துக்கொண்டு இங்கே வந்து புலம்ப வேண்டாம். "இப்போ போன்ல கேட்டாலே கட்டுரை வந்துடுதே" என்பவர்களுக்கு: கைடு கட்டுரையும் இப்படித்தான் வந்துகொண்டிருந்தது, அப்போது உங்களுக்குக் கோபம் வரவில்லை.

சொல்லக் கூடாது என்றிருந்தேன், சொல்லிவிடுகிறேன். கமெண்டில் "பிறவி" என்று எழுதியவரின் பேரப்பிள்ளை மே மாதம் அடையாறில் கிரியேட்டிவ் ரைட்டிங் வொர்க்‌ஷாப்புக்குப் போனதை அவரே படம் போட்டுப் பெருமைப்பட்டிருந்தார். ஏசி அறை, வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், ஆங்கிலம். அங்கே காசு கொடுத்தால் சொல்லித்தர முடிகிறது. மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் எழுதுகிற பிள்ளைக்கு மட்டும் அது பிறவியிலேயே வர வேண்டுமாம். இதைப் படித்துவிட்டு அவர் என்னை அன்ஃபிரண்ட் செய்தால் செய்துகொள்ளட்டும்.

டீச்சரைக் காப்பாற்றுகிறீர்களா, தாக்குகிறீர்களா என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். அவருக்கும் யாரும் கற்றுத்தரவில்லை. பயிற்சி என்ற பெயரில் அழைத்துப் போய் பிபிடி காட்டுவார்கள், ஒரு பக்கம் எழுதச் சொல்லமாட்டார்கள். எழுதாத ஆசிரியர் எழுத்தை எப்படித் திருத்துவார்? வகுப்பில் பிள்ளைகள் எழுதும் நேரத்தில் நாமும் கரும்பலகையில் நம் வரைவை எழுதி, அடித்து, மறுபடி எழுத வேண்டும். டீச்சரும் அடிப்பார் என்று பார்த்த பிறகுதான் பிள்ளைகள் துணிந்து அடிக்கிறார்கள்.

இந்த வாரம் முயல நினைப்பவர்களுக்குச் சில தலைப்புகள்: எங்கள் வீட்டு மோட்டார் போடும் நேரம். ஷேர் ஆட்டோவில் யாருக்கு எந்த இடம். எங்கள் தெருவில் யாரும் உட்காராத திண்ணை. எதையும் வீட்டுப்பாடமாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள், மறுநாள் அம்மாக்களின் கட்டுரைதான் வரும்.