ட்ரீம்ஸ்டேஷன்: ஃபில்டர் மாற்றினால் போதுமா?

ட்ரீம்ஸ்டேஷன் என்பது ஃபிலிப்ஸின் சிபாப் கருவி, அதாவது தூங்கும்போது மூச்சு தடைபடாமல் இருக்க முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் கருவி. “ஃபிலிப்ஸ் சிபாப் கருவியைத் திரும்பப் பெற்றது ஃபில்டர் பிரச்சினைக்காகத்தான், புது ஃபில்டர் போட்டால் சரியாகிவிடும்” என்று இரண்டு மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். குழப்பம் வருவது இயல்புதான், ஃபில்டரும் கருவிக்குள் இருக்கும் நுரைப்பஞ்சும் இரண்டுமே பஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் 2021 ஜூனில் வந்த அறிவிப்பு ஃபில்டரைப் பற்றியதல்ல. சத்தத்தைக் குறைக்கக் கருவிக்கு உள்ளே வைத்திருக்கும் பாலியூரித்தேன் நுரைப்பஞ்சைப் பற்றியது. அது சிதைந்தால் கறுப்புத் துகளும் வாயுவும் காற்றோடு கலந்து வரலாம்.

பழைய ட்ரீம்ஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் ஃபில்டர் மூடியைத் திறந்து பாருங்கள். வெளிக்காற்று உள்ளே நுழையும் வாசலிலேயே ஃபில்டர் இருக்கும். காற்று அதைத் தாண்டிய பிறகுதான் நுரைப்பஞ்சுப் பக்கம் போகிறது. பின்னால் உதிர்வதை முன்னால் இருப்பது எப்படிப் பிடிக்கும்?

உங்கள் கருவி பட்டியலில் உண்டா என்று பார்க்க, அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணை ஃபிலிப்ஸின் ரீகால் (திரும்பப் பெறுதல்) பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் தளத்திலும் மாடல் பட்டியல் இருக்கிறது. பஞ்சை நீங்களே பிய்த்தெடுக்க வேண்டாம் என்றும் அங்கே சொல்லியிருக்கிறார்கள். அப்புறம், கருவியை நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.