மெய்க்காவலனுக்கு இத்தனை பட்டமா?
வட கொரியாவில் உள்ள, சுவரோவியங்கள் கொண்ட ஆனாக் 3ஆம் எண் கல்லறை பண்டைய கொரிய அரசான கோகுரியோவின் மன்னர் கோகுக்வோனுடையதுதான், அங்குள்ள எழுத்து வாசலில் வரையப்பட்டிருக்கும் மெய்க்காவலனைப் பற்றியது என்று நான் படித்த ஒரு கட்டுரை அடித்துச் சொல்கிறது. எனக்கு ஒட்டவில்லை; அந்த எழுத்து குறிப்பிடும் ஆளின் கல்லறைதான் அது என்று நினைக்கிறேன். அந்த ஏழு வரியில் வரும் தோங் சூ, வடசீனப் பக்கத்து முன்னை யான் நாட்டிலிருந்து கோகுரியோவுக்கு 336இல் தப்பி வந்த அதிகாரி. 357இல், 69 வயதில் இறந்தார். தளபதி, பல மாவட்டங்களின் ஆளுநர், பிரபு என்று பட்டங்களை அடுக்கிவிட்டு, அந்த ஆளைக் கதவோரமாக நிறுத்துவார்களா? மன்னரோ 371 வரை உயிரோடு இருந்தார். ஆண்டைக் குறித்த விதத்தையும் பாருங்கள்: யோங்ஹே என்ற சீன ஆட்சிக்காலப் பெயரின் 13ஆம் ஆண்டு என்கிறது. சீனாவில் யோங்ஹே 12உடன் முடிந்து புதுப் பெயர் வந்துவிட்டது, சேதி இங்கே எட்டவில்லை போல! எட்டியிருந்தாலும் சீனக் கணக்கை விடாமல் பிடித்திருப்பது வந்தேறி அதிகாரியின் வீட்டாருக்குத்தான் பொருந்தும். கல்லறைக்குரியவரின் ஓவியத்தில் உள்ள வெள்ளைத் தலையணியை, அவர் மன்னர் என்பதற்குச் சான்றாக ஒருவர் காட்டியிருக்கிறார். சரி, ஆனால் மன்னர் மட்டுமே அதை அணிவார் என்ற குறிப்பு பல நூற்றாண்டு பிந்தைய, சீனாவின் தாங் வம்ச வரலாற்று நூலில் வருவது. 250 பேருக்கு மேல் போகும் ஊர்வலம் ஒன்று சுவரில் வரையப்பட்டிருப்பதுதான், ஓர் அதிகாரிக்கு அதிகமாகத் தோன்றி, கொஞ்சம் இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 408இல் கட்டிய இன்னொரு கோகுரியோ கல்லறையான தோக்ஹுங்ரியைப் பாருங்கள்: ஜின் என்ற அதிகாரி, 13 ஆளுநர்கள் தன்னை வணங்க வருவதாகவே வரைய வைத்திருக்கிறார்.