சுண்ணாம்பு தடவாத கலயம்

போன மாசி மாதம் நாசிக் போயிருந்தேன். புனேயில் வேலை பார்க்கும் மகள் அழைத்துப் போனாள். கங்காப்பூர் அணைப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் அறுவடை நேரம். மும்பையிலிருந்து காரில் வந்திறங்கியவர்கள் தொட்டிக்குள் வெறுங்காலோடு நின்று பழத்தை மிதித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒயினைச் சுவைத்துப் பார்க்கக் கட்டணம், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம், தங்குவதற்கு மாடி அறைகள். "எப்படி இருக்கிறதப்பா?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பெரியப்பாவின் நினைவு வந்து தொண்டை அடைத்துக்கொண்டது.

நெல்லை மாவட்டத்தில் திசையன்விளைப் பக்கம் எங்கள் ஊர். பெரியப்பா பனையேறி. பாளை விட்டுவிட்டால் அவருக்கு ஓய்வே கிடையாது. இடுப்பில் அருவாப்பெட்டி, தோளில் மரமேற உதவும் முருக்குத்தடி. ஒவ்வொரு மரத்திலும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. மரத்தைத் தழுவித் தழுவி அவர் நெஞ்சு காய்த்துப் போயிருக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் அதே சாறு தானாகப் புளித்துக் கள்ளாகிவிடும். பதநீர் விற்றால் அவர் உழைப்பாளி, கள் விற்றால் குற்றவாளி. 1987-இல் கள்ளுக்குத் தடை வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் இதுதான் நிலைமை. ஒரு விடியற்காலையில் சோதனைக்கு வந்தவர்கள் அவருடைய கலயங்களைப் போட்டு உடைத்தார்கள். சிதறிய ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மாவின் முகத்தை நான் மறக்கவில்லை.

மகாராஷ்டிர அரசு 2001-இல் ஒயின் தொழிலுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது, வரிச்சலுகை கொடுத்தது. நம் மாநில மரம் பனை. நட்சத்திர விடுதியில் உட்கார்ந்து இத்தாலி ஒயின் குடிக்க இங்கே தடையில்லை. அந்த விடுதிச் சுவருக்கு வெளியே நிற்கும் பனையின் கள்ளைத்தான் குடிக்கக் கூடாது. எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டிக் கேரளத்து ஆரியங்காவுக்குப் போய்விட்டால் அதுவும் சட்டப்படி கிடைக்கும். இது என்ன நியாயம்?

அதற்காக நாசிக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒரு தேநீர்க் கடையில் வயதான விவசாயி ஒருவரிடம் பேசினேன், மகள் மொழிபெயர்த்தாள். 2008-க்குப் பிறகு ஒயின் விற்பனை சரிந்தபோது ஆலைகள் பழத்தை வாங்கவில்லை. ஆலையை நம்பிப் போட்ட ஒயின் திராட்சைக் கொடிகளைப் பலர் வேரோடு பிடுங்கி எறிந்தார்கள், அவரும் பிடுங்கினாராம். மிதித்து விளையாட வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

இந்தப் பக்கம் சுற்றுலா வந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள நாசிக் வரை போகவும் வேண்டாம். குற்றாலத்தைப் பாருங்கள். இலஞ்சியிலும் மேலகரத்திலும் நாற்று நட்ட வயல்களில் இன்று விடுதிகள் நிற்கின்றன. வயலை விற்றவரின் மகன் அதே விடுதி வாசலில் காவலுக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால் கேரளத்திலிருந்தும் கூட்டம் வருகிறது. படம் எடுக்கிற ஆசையில் செடிகளுக்குள் இறங்கி மிதிக்கிறார்கள். சில விவசாயிகள் இப்போது வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காசு வாங்குகிறார்கள். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும், அவர்கள் செய்வதுதான் சரி. பூ அவர்களுடையது, மண் அவர்களுடையது, காசும் அவர்கள் மடியில்தான் விழ வேண்டும்.

பனைக்கும் நான் கேட்பது இதைத்தான். கள்ளுக்கான தடை நீங்க வேண்டும். நீங்கிய மறுநாளே பெருமுதலாளி ஒருவர் தோப்பை வளைத்துப்போட்டு, பெரியப்பாவின் மகனைத் தினக்கூலிக்கு ஏறச் சொன்னால் அது எங்களுக்குத் தேவையில்லை. விற்கும் உரிமை ஏறுகிறவரின் பெயரில், அல்லது ஏறுகிறவர்களின் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். குடியால் சீரழிந்த வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு. அந்தப் பெண்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். கள்ளில் போதையே இல்லை என்று அவர்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கடை எங்கே, எத்தனை மணி வரை என்பதை கிராம சபையில் அவர்களே முடிவு செய்யட்டும்.

பெரியப்பா இப்போது இல்லை. அண்ணன் பனையேறுவதை விட்டுத் திருப்பூருக்குப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முருக்குத்தடி திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது. பங்குனியில் மகள் தன் தோழிகளை ஊருக்கு அழைத்து வருகிறாள். ஓலைப்பட்டையில் பதநீர் குடிக்க வேண்டுமாம். ஏற ஆள் இருக்கிறதா என்று நான்கு ஊர்களில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.