பூட்டு-சாவிக் கதையை மூட்டை கட்டலாம்

மூக்கில் ஏற்பி என்றொரு பூட்டு இருக்கிறதாம். வாசனை மூலக்கூறு சாவி மாதிரி வந்து அதில் பொருந்துமாம், உடனே மூளைக்குச் செய்தி போய்விடுமாம். உயிரியல் பாடத்தில் வரும் இந்த உவமை, உடலின் வேதிவினைகளை விரைவாக்கும் நொதிகளுக்கு ஓரளவு ஒத்துவரலாம். மூக்குக்கு ஒத்துவராது என்பது என் கட்சி.

எளிய கணக்கு ஒன்று போதும். மனித மூக்கில் வேலை செய்யும் ஏற்பி வகைகள் சுமார் 400. பூட்டுக்கு ஒரு சாவி என்றால், 400 வாசனையோடு கடையைச் சாத்த வேண்டியதுதான். நடப்பதோ வேறு. ஒரே மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டி எழுப்பும். ஒரே ஏற்பி, உருவத்தில் கொஞ்சம் ஒத்த பல மூலக்கூறுகளுக்கு அசைந்து கொடுக்கும். எவையெவை எழுந்தன, எவ்வளவு வலுவாக எழுந்தன என்ற கூட்டணியைத்தான் மூளை 'இன்ன வாசனை' என்று படிக்கிறது. அளவு மாறினால் கூட்டணியும் மாறிவிடும். மல்லிகை மணத்தில் இண்டோல் என்ற பொருள் கொஞ்சம் கலந்திருக்கிறது. அதே இண்டோலை அடர்த்தியாக மூக்கருகே வைத்தால் மல நாற்றம்!

இந்த ஏற்பி மரபணுக்களின் பெருங்குடும்பத்தை எலியின் மூக்குத் திசுவில் லிண்டா பக், ரிச்சர்டு ஆக்ஸல் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டறிந்து 1991இல் வெளியிட்டார்கள். 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூக்கின் மேற்கூரையில் இருக்கும் ஒரு நரம்புச் செல்லைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். அதன் நுனியில் மெல்லிய இழைகள் சளிக்குள் படிந்து கிடக்கும். ஆவியாகி வரும் மூலக்கூறு முதலில் அந்தச் சளியில் கரைந்தாக வேண்டும். இழையின் சவ்வை ஏழு முறை குறுக்கே தைத்தாற்போல் இருக்கும் புரதம்தான் ஏற்பி. 400 வகை இருந்தும், ஒரு செல் பொதுவாக ஒரே வகையைத்தான் வைத்துக்கொள்கிறது. மூலக்கூறு வந்து உட்கார்ந்ததும் ஏற்பி லேசாக முறுக்கிக்கொள்கிறது. உள்பக்கம் காத்திருக்கும் ஜி புரதம் விழிக்கிறது. அது ஒரு நொதியை முடுக்க, சுழல் ஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறு பெருகுகிறது. அது அயனி வாயில்களை, அதாவது மின்னூட்டமுள்ள அணுக்கள் போய்வரும் வாசல்களைத் திறக்க, சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். உள்ளே வந்த கால்சியம் குளோரைடு வாயில்களைத் திறந்துவிடுகிறது. பெரும்பாலான நரம்புச் செல்களில், எதிர்மின்னூட்டமுள்ள குளோரைடு உள்ளே நுழைந்து செல்லை அடக்கும். இங்கே செல்லுக்குள் ஏற்கெனவே குளோரைடு நிறைய இருப்பதால் அது வெளியே ஓடுகிறது, சமிக்ஞை இன்னும் பெரிதாகிறது. இதே கால்சியம் சற்று நேரத்தில் வாயில்களை மந்தமாக்கவும் செய்யும். அறைக்குள் நுழைந்ததும் குப்பென்று அடித்த வாடை கொஞ்ச நேரத்தில் காணாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூச்சிகள் இவ்வளவு சுற்றுவழி போவதில்லை. அவற்றின் வாசனை ஏற்பியே அயனி வாயிலும்கூட. பெரும்பாலும் ஆர்கோ என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து வேலை செய்யும். சிறகில்லாத பழைய பூச்சியினம் ஒன்றின் ஏற்பி அமைப்பை 2021இல் அணு அளவில் பார்த்தார்கள். கிராம்பின் மணப்பொருளான யூஜினாலும், கொசுவிரட்டியான டீட்டும் ஒரே பொந்துக்குள்தான் உட்கார்ந்திருந்தன. இரண்டுக்கும் உருவ ஒற்றுமை சொற்பம். எண்ணெய்த்தன்மையுள்ள சுவர்கள் தொளதொளவென்று பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். இதையா பூட்டு என்பது?

வடிவத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. கார்வோன் என்ற மூலக்கூறின் ஒரு வடிவம் புதினா வகை மணம். அதன் கண்ணாடிப் பிம்பமோ, சீரகம் போலிருக்கும் கேரவே விதையின் மணம். இடக்கை, வலக்கை வித்தியாசம்கூட ஏற்பிக்குத் தெரிகிறது. ஒரு ஏற்பிக்கு ஒரே ஆள்தான் என்ற எண்ணத்தோடுதான் எனக்குத் தகராறு.

நாக்கின் திட்டம் இதற்கு நேரெதிர். கசப்புக்கு நமக்குச் சுமார் 25 ஏற்பி வகைகள் உண்டு. ஒரு கசப்புச் செல்லில் அவற்றில் பல வகைகள் சேர்ந்தே இருக்கும். எந்த நஞ்சு என்று பிரித்தறிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, துப்பினால் போதும். இனிப்புக்கு முக்கியமாக இரண்டு புரதங்கள் சேர்ந்த ஒரே இணைதான். அந்த இரண்டில் ஒன்றுக்கான மரபணு பூனையில் பழுதாகிக் கிடப்பதால் சர்க்கரை அதற்கு இனிப்பதில்லை. பறவைகளிலும் அந்த மரபணு இல்லை. ஆனால் தேன்சிட்டைப் போலப் பூந்தேன் குடிக்கும் ஹம்மிங் பறவைகளில், இறைச்சிச் சாறு போன்ற உமாமிச் சுவைக்கான ஏற்பியே மாறிப்போய்ச் சர்க்கரையை உணர்கிறது. ஈக்குச் சுவை உணர்வு காலிலும் உண்டு. கெளுத்தி வகை மீன்களுக்கு மீசையிலும் உடல் முழுக்கவும் சுவை மொட்டுகள். நுனி நாக்கில் இனிப்பு, அடி நாக்கில் கசப்பு என்று போடும் வரைபடத்தையும் இதோடு சேர்த்துக் கிழித்துவிடலாம். சுவை மொட்டு உள்ள எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் அறியும்.

வாயில் 'ருசி' என்று நாம் சொல்வதில் மூக்கின் பங்கு எவ்வளவு என்று பார்க்க ஒரு சோதனை. அரைத் தேக்கரண்டி சர்க்கரையில் ஒரு சிட்டிகை லவங்கப்பட்டைத் தூளைக் கலந்துகொள்ளுங்கள். முதலில் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்புறம் கலவையை நாக்கில் வையுங்கள். உமிழ்நீரில் கரையப் பத்து விநாடி ஆகும். வெறும் இனிப்புதான் தெரியும். வாயை மூடியபடியே மூக்கை விட்டு மூச்சை வெளியே விடுங்கள், பட்டை மணம் தொண்டை வழியாக மேலேறி வரும். சோதனை சொதப்புவது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான். கலவையை வைத்த பிறகு மூக்கைப் பிடித்தால் மணம் முன்னரே போய்ச் சேர்ந்திருக்கும். தூள் அதிகமானால் மூக்கை அடைத்திருக்கும்போதே நாக்கு சுரீரென்று எரியும். அது சுவையும் இல்லை, மணமும் இல்லை, எரிச்சலை உணரும் வேறொரு நரம்பின் வேலை. தூள் நாக்கில் இருக்கும்போது வாயால் மூச்சை உள்ளிழுக்காதீர்கள், புரையேறும்.