வயலின் ஓரம் யாருக்கு?

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றி எழுதினால் எங்கள் சபையில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேச என்னைப் போன்றவர்களுக்கு இடம் கிடைக்காது, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

தெரியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சேலத்திலும் மேலே ஏற்காட்டிலும் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் வருஷத்துக்கு ஒரு தடவை அறுப்பின் பண்டிகை வரும். விளைந்ததில் முதல் பலனை ஆண்டவருக்குக் கொண்டுவந்து வைக்கிற நாள். மலையில் என்றால் காப்பிக்கொட்டை, மிளகு, சௌசௌ, ஆரஞ்சு. கீழே என்றால் வாழைத்தார், பூசணி, மரவள்ளிக் கிழங்கு, தேங்காய், நாட்டுக்கோழி, அரிசி. நிலம் இல்லாதவர்கள் வீட்டில் சுட்ட முறுக்கையும் அதிரசத்தையும் எவர்சில்வர் தூக்கில் போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் வெளியே பந்தலுக்கு வந்து ஏலத்துக்குப் போகும். அந்தப் பண்டிகை எனக்கு உயிர். ஆலயம் முழுக்கப் பச்சைக் காப்பிக்கொட்டையும் பழமும் கலந்து ஒரு வாசனை இருக்கும், வேறு எந்த நாளிலும் அது கிடைக்காது.

ஏலமும் ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகள் கொய்யாப்பழத்துக்குக் கை தூக்குவார்கள், பாட்டி தான் கொண்டுவந்த தேங்காயைத் தானே எடுப்பார், எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் பெரிய வீட்டுக்காரர்கள் இறங்குவார்கள். ஒரு சேவலுக்கு இரண்டு குடும்பம் முட்டிக்கொள்ளும். மைக் பிடித்திருப்பவர் இவர் பெயரையும் பதவியையும் சொல்லி ஏற்றிவிடுவார், உடனே அந்தப் பக்கம் பார்த்து ‘அண்ணன் சும்மா இருக்கலாமா?’ என்று கேட்பார். முந்நூறு ரூபாய்ச் சேவல் பத்தாயிரத்தைத் தாண்டும்போது பந்தலே கைதட்டும். நூறு ரூபாயோடு வந்தவர் அதற்கெல்லாம் முன்னாலேயே பின்வரிசைக்குப் போயிருப்பார். அவர் கொண்டுவந்த கிழங்கு யாருடைய கார் டிக்கியில் ஏறியது என்றுகூட அவருக்குத் தெரியாது.

‘பணம் ஆண்டவருக்குத்தானே போகுது, உனக்கென்ன?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலை நான் சொல்வதைவிட, பண்டிகைகளைப் பற்றிய அதிகாரத்தையே திறந்து பார்க்கலாம். பைபிளில் லேவியராகமம் 23. பஸ்கா, முதற்பலன், ஐம்பதாம் நாள், எக்காளம், கூடாரம் என்று வரிசையாக வரும். எந்த நாள், என்ன பலி, எத்தனை ஆட்டுக்குட்டி, எவ்வளவு மாவு என்று அளந்து சொல்லிக்கொண்டே போகிற இடத்தில், அறுப்புக் காலத்துப் பண்டிகையைச் சொல்லி முடித்த கையோடு, 22-ம் வசனத்தில், பலியோடு சம்பந்தமே இல்லாத ஒரு கட்டளை வந்து நிற்கிறது. வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும், வேறு ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிற பரதேசிக்கும். அது முடிந்த பிறகுதான் அடுத்த பண்டிகை. 19-ம் அதிகாரத்தில் ஏற்கெனவே சொன்ன கட்டளைதான் இது. ஆனாலும் பலி முறைகளுக்கு நடுவில் ஆண்டவர் அதை மறுபடியும் கொண்டுவந்து வைத்திருக்கிறார். எளியவனுடைய பங்கை எடுத்துவிட்டால் அறுப்பின் பண்டிகை நிறைவாகாது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓரத்துக் கதிரை வாங்க எளியவன் மேடை ஏற வேண்டாம், போட்டோவுக்கு நிற்க வேண்டாம், யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம். அவன் வருகிற நேரத்தில் நிலத்துக்காரன் அங்கே இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. வேதத்தில் வரும் ஏழை விதவை ரூத் அப்படித்தான் போவாஸ் என்பவரின் வயலுக்குப் போனாள். எங்கள் ஏலத்தில் எளியவனுக்கு விட்ட ஓரம் எது என்று நான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கணக்குப் புத்தகத்தில் கோபுரத்துக்கு, தரைக்கு, ஒலிபெருக்கிக்கு என்று தலைப்புகள் இருக்கின்றன.

இயேசு இதே மாதிரி ஒரு விஷயத்தில் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பது மாற்கு 7-ல் இருக்கிறது. கை கழுவாமல் சாப்பிடுகிறார்கள் என்று சீஷர்கள் மேல் பரிசேயர் குறை சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவர் பேச்சை நேராகக் கொர்பானுக்குக் கொண்டுபோனார். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை ‘இது காணிக்கை’ என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், அதற்கப்புறம் அவன் பெற்றவர்களுக்கு எதுவும் செய்யாவிட்டாலும் அந்தப் பாரம்பரியம் அவனைக் கேட்காது. தேவனுடைய வசனத்தையே உங்கள் பாரம்பரியத்தால் அவமாக்குகிறீர்கள் என்றார். எனக்கு இதில் பயமாக இருப்பது, கொர்பான் சொன்னவன் கெட்டவனாகத் தெரியமாட்டான் என்பதுதான். ஊர் அவனைப் பக்திமான் என்றே சொல்லியிருக்கும். இன்றைக்கு நம் நடுவில், அம்மாவை மூன்று பிள்ளைகளும் மாதத்துக்குப் பத்து நாள் என்று பங்கு போட்டு, பதினோராம் நாள் விடிவதற்குள் அடுத்த வீட்டுக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறார்கள். ஆனால் அப்பா நினைவாக ஆலயத்துக்குக் கிரானைட் தரை, அதில் மூன்று பேர் பெயரும் தங்க எழுத்தில். அந்தத் தரையில் அம்மா வந்து உட்காருவதற்கு ஒரு நாற்காலி போட ஆள் இல்லை.

எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அதற்கப்புறம் என்னோடு பேசமாட்டார். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளுக்கு வீட்டிலிருந்தே மணி கோர்த்துக் கொடுக்கிற வேலை. வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறையும், ஆர்டர் குறைந்தால் கூலி குறையும். கணவர் இறந்து ரொம்ப வருஷம் ஆகிறது. அக்கா சாயங்காலமானால் பெரியாஸ்பத்திரிக்குப் போவார். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நோயாளிகள் அங்கே எப்போதும் இருப்பார்கள், மலைக் கிராமங்களிலிருந்து தனியாக வந்து படுத்தவர்கள், பிள்ளைகள் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத் திரும்பி வராதவர்கள். அக்கா ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோவார், இட்லி வாங்கிக் கொடுப்பார், மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்பார், சிலருக்குத் துணி மாற்றிவிடுவார். அவர்களிடம் ஒரு நோட்டீஸ் கூட கொடுத்து நான் பார்த்ததில்லை. எந்தச் சாதி, எந்தச் சாமி என்று கேட்டதும் இல்லை. பஸ் காசும் இட்லிக் காசும் கொலுசுக் கூலியிலிருந்துதான்.

போன சபைத் தேர்தலுக்கு முன்னால் வாக்காளர் பட்டியலை ஒட்டினார்கள். அக்கா பெயர் அதில் இல்லை. சந்தா பாக்கி. விதிப்படி சரிதான், நான் விசாரித்தேன், கமிட்டிக்காரர் நோட்டைத் திறந்தே காட்டினார், அவர் பொய் சொல்லவில்லை. அதே நோட்டில் இரண்டு பக்கம் தள்ளி, சேவலை ஏலம் எடுத்தவர் பெயருக்கு நேராக ‘ஆயுள் சந்தா’ என்று இருந்தது. நான் கொதித்துப்போய் அக்காவிடம் சொன்னபோது அவர், ‘ஓட்டுப் போட்டு நான் என்னப்பா பண்ணப்போறேன், அந்த ஃப்ளாஸ்க்கை எடுத்துக் குடு, நேரமாச்சு’ என்றார்.

அவருக்கு வருத்தமில்லை. எனக்கு இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. ஏனென்றால் இது ஓட்டோடு நிற்கிற விஷயம் இல்லை. சந்தா பாக்கி இருந்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும்போதும் அதே நோட்டைத்தான் திறக்கிறார்கள். வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு ஒரு மகன் கடன் வாங்கப் போவதைப் பார்த்தவர்கள் எங்கள் சபையில் இருக்கிறார்கள். விதி எழுதியவர்களுக்கு அன்றைக்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். அந்த விதியை எழுதியது மனிதன், மாற்றவும் மனிதனால் முடியும்.

விதவையின் இரண்டு காசு பற்றிப் பிரசங்கம் கேட்காதவர்கள் நம்மில் யாரும் இல்லை, அதுவும் காணிக்கைப் பை வருவதற்குக் கொஞ்சம் முன்னால். மாற்கு 12-ல் அந்தக் கதை எங்கே நிற்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு நேர் முந்தின வசனங்களில், நீண்ட அங்கி போட்டுக்கொண்டு சந்தைவெளியில் வணக்கமும், ஜெப ஆலயத்தில் முதல் ஆசனமும், விருந்தில் முதல் இடமும் தேடுகிற வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். அவர்கள் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்கள் என்கிறார். உடனே ஒரு விதவை வந்து தன் ஜீவனத்துக்கு இருந்த எல்லாவற்றையும் போடுகிறாள். கதை அங்கேயும் முடியவில்லை. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில் ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு சீஷன், இந்தக் கல்லைப் பாரும், இந்தக் கட்டடத்தைப் பாரும் என்று பிரமிக்கிறான். ஒரு கல்லின் மேல் ஒரு கல் இராதபடி இடிக்கப்படும் என்று பதில் வருகிறது. கி.பி. 70-ல் ரோமப் படை வந்து அதைச் செய்தது. முன்னால் முதல் ஆசனம் தேடுகிறவர்கள், பின்னால் கட்டடத்தின் பெருமை, நடுவில் அவள். அவளைப் பிடித்து நாம் கட்டட நிதிக்கு விளம்பரமாக்கிவிட்டோம். அவள் கொடுத்ததை ஆண்டவர் மெச்சினார், உண்மை. ஆனால் அவள் கையில் இரண்டு காசு மட்டும் மிஞ்சியிருந்ததற்கு யார் காரணம் என்பதையும் அதே மூச்சில் அவர் சொல்லியிருந்தார்.

இது சி.எஸ்.ஐ. வியாதி மட்டும் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். தேர்த் திருவிழாவில் முதல் மரியாதைக்குச் சண்டை போட்டு வழக்குக்குப் போனவர்களும் இருக்கிறார்கள், ஊழியரின் பிறந்தநாளுக்குத் தெரு முழுக்க ஃப்ளெக்ஸ் வைக்கிற சுயாதீன சபைகளும் இருக்கின்றன. சாதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-லேயே, சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் அடியோடும் ஒழிய வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்கு எழுதினார். அதை ஏற்க முடியாமல் சபையை விட்டு வெளியே போனவர்கள் உண்டு. கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகப்போகிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரிக்க ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். அடிமையின் ரூபம் எடுத்தவரை ஆண்டவர் என்று கூப்பிட்டுக்கொண்டே அந்தச் சுவரைக் கட்ட நம்மால் முடிந்தது.

பாரம்பரியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இயேசுவே தம் வழக்கத்தின்படி ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனார் என்றுதான் லூக்கா எழுதுகிறார், பண்டிகைகளுக்கு எருசலேமுக்கும் போனார். எங்கள் வீட்டுப் பெண்களிடம் பிடியரிசி என்று ஒரு பாரம்பரியம் இருந்தது. ஏற்காட்டில் எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், அதாவது லயன் வீட்டில் இருந்த என் அம்மாயி (அம்மாவின் அம்மா), காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்து உலை வைக்கும்போது, அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவார். வீட்டில் அரை வயிறு என்றாலும் அந்தப் பிடி நிற்காது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கொண்டுவந்து ஒரே சாக்கில் கொட்டுவார்கள். கொட்டிய பிறகு எது கணக்குப்பிள்ளை வீட்டு அரிசி, எது பழம் பறிக்கிறவர் வீட்டு அரிசி என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வாரம் லயனில் யார் படுத்துக் கிடக்கிறார்களோ அவர்கள் வீட்டுக்கு அது போகும். தாது வருஷப் பஞ்சத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. 1876-78-ல் சேலம் ஜில்லா பட்ட பாட்டுக்கு ஜனத்தொகைக் கணக்கே சாட்சி, 1871-ல் சுமார் 19.7 லட்சமாக இருந்தது 1881-ல் சுமார் 16 லட்சம் ஆனது. பசி என்றால் என்னவென்று அந்த வீடுகளில் யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. பிடியரிசியும் மனிதர்கள் ஏற்படுத்தியதுதான், வேதத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் யார் எவ்வளவு என்பது அதில் தெரியாது, எளியவன் பங்கு அதில் முதலிலேயே ஒதுங்கிவிடும்.

அதனால் கமிட்டியில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் என் கோரிக்கை இதுதான். அறுப்பின் பண்டிகைக்கு வருகிற அரிசி, பருப்பு, கிழங்கு, காய் எதுவும் ஏலத்துக்குப் போக வேண்டாம். அன்றைக்கு மத்தியானமே லயன் வீடுகளுக்கும், சபையில் தனியாக இருக்கிற வயசானவர்களுக்கும் போகட்டும், வாங்குகிறவர் எந்த மதம் என்று பார்க்காமல். ஏலம் வேண்டும் என்றே நினைத்தால் தொகையையும் பெயரையும் மைக்கில் சொல்லாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள், எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம். சந்தா பாக்கிக்காக யாருக்கும் கல்லறை இடம் மறுக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். அதற்கு நிதி வேண்டும் என்றால் முதல் தொகையை நான் தருகிறேன், ரசீதில் என் பெயர் வேண்டாம். அந்த அக்காவின் சந்தாவைக் கட்டிவிடலாமா என்று இரண்டு பேர் ஏற்கெனவே என்னிடம் கேட்டார்கள், கட்டாதீர்கள், அந்த விதி மாறட்டும். கையெழுத்துப் போட விருப்பமுள்ள சபையார் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஆயரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.